ஆயிரம் பெண்களின் தாய்: எலிசா அக்னியூ அம்மையார் (1807 – 1883)

யாழ்ப்பாணத்தில் பெண்கல்வி வளர்ந்த வரலாற்றை எழுதுக என்று வினா வந்தால், எங்கள் மாணவரிற் பலர் பாடசாலைகளின் பெயர்களையும் ஆண்டுகளையும் வரிசையாக எழுதிவிட்டுப் பேனையை மூடிவிடுகின்றனர். உடுவில் 1824, திருக்குடும்பக் கன்னியர் மடம் 1862, இராமநாதன் கல்லூரி 1913. ஆண்டுகள் சரிதான். ஆனால் ஒரு பாடசாலையைத் தொடங்குவது வேறு, அதை நிலைக்கச் செய்வது வேறு. பெண்பிள்ளை படிப்பதை ஊரே சந்தேகத்தோடு பார்த்த காலத்தில், அமெரிக்க மிஷனின் உடுவில் பெண்கள் பாடசாலையை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் தாங்கி நின்றவர் எலிசா அக்னியூ அம்மையார். அவர் அதைத் தொடங்கியவர் அல்லர். இந்த வேறுபாட்டை மாணவர்கள் முதலிலேயே மனதிற் கொள்ளுதல் வேண்டும். 1824ஐ அம்மையார் வந்த ஆண்டாக எழுதிப் புள்ளியை இழப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

அம்மையார் 1807ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 2ஆம் திகதி அமெரிக்காவின் நியூயோர்க் நகரிற் பிறந்தார். அவருக்கு எட்டு வயதாக இருந்தபோது வகுப்பில் நடந்த ஒரு புவியியற் பாடம் அவரது வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்தது. ஆசிரியர் உலகப்படத்தில் இந்து சமுத்திரத்திலுள்ள மொரீசியஸ் தீவைச் சுட்டிக்காட்டினார். ஹரியற் நியூவெல் என்னும் அமெரிக்கப் பெண் தன் கணவரோடு கீழைத்தேசத்துக்கு மதப்பணி செய்யப் புறப்பட்டு, 1812இல், பத்தொன்பது வயதில், அந்தத் தீவிலேயே இறந்து அடக்கம் செய்யப்பட்ட செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். அன்று பாடசாலை விடுவதற்கு முன்னரே எலிசா தன் மனதில் ஒரு முடிவை எடுத்துக்கொண்டார். வளர்ந்ததும் தானும் அவ்வாறே தூரதேசம் போய்ப் பணிசெய்வது என்பதே அந்த முடிவு.

இங்கே இன்னொரு தொடர்பும் உண்டு. மனைவியை இழந்த சாமுவேல் நியூவெல் என்பவர் 1813இல் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணம் அமெரிக்க மிஷன் பணிக்கு ஏற்ற இடம் என்று தம் சங்கத்துக்கு எழுதியவர்களுள் அவரும் ஒருவர். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணியைத் தொடங்கினர். நியூயோர்க் சிறுமி வகுப்பறையில் ஹரியற்றின் கதையைக் கேட்ட காலமும், கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன காலமும் ஏறக்குறைய ஒன்றே.

எட்டு வயதில் எடுக்கும் முடிவுகள் பொதுவாக ஒன்பது வயதில் மறந்துபோகும். எலிசா மறக்கவில்லை. ஆனால் உடனே புறப்படவும் இல்லை. வீட்டில் அவரை நம்பியிருந்த நெருங்கிய உறவினரைப் பராமரிக்கும் கடமை இருந்தது. அவர்கள் மறைந்து, தடை ஏதுமில்லை என்ற நிலை வந்தபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 1839இல், முப்பத்திரண்டாவது வயதில், அவர் கப்பலேறினார். அப்போது சுயஸ் கால்வாய் இல்லை. அது திறக்கப்பட்டது 1869இலேதான். பாய்க்கப்பல் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மாதக்கணக்கில் ஓடியது. 1840 ஜனவரியில் அவர் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தார். அதுவரை இம்மிஷனுக்கு வந்த பெண்கள் பெரும்பாலும் மிஷனரிமாரின் மனைவியராகவே வந்தனர். மணமாகாத பெண் ஒருத்தி ஆசிரியையாகவே வருவது அக்காலத்துக்குப் புதிது.

அவர் வந்து சேர்ந்த உடுவில் எப்படி இருந்தது என்பதை அறியாமல் அவருடைய பணியை மதிப்பிட முடியாது.

1820இல் மைரன் வின்ஸ்லோ என்பவரும் அவரது மனைவி ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரும் உடுவிலுக்கு வந்தனர். (வின்ஸ்லோ என்ற பெயரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 1862இல் வெளிவந்த பெரிய தமிழ் – ஆங்கில அகராதி அவருடையது.) அன்றைய யாழ்ப்பாணத்தில் ஆண்பிள்ளைகள் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் எழுதியும் ஏட்டைப் பார்த்தும் படித்தனர். பெண்பிள்ளைகளைப் படிக்க விடும் வழக்கம் இல்லை. வாசிக்கத் தெரிந்த பெண் என்றால் கோயிலில் ஆடும் தேவதாசி என்ற எண்ணமே சமூகத்தில் இருந்தது. ஆகையால் மகளுக்கு எழுத்தறிவிப்பது குடும்பத்துக்கு இழுக்கு என்று பெற்றோர் கருதினர். படித்து அவள் உழைக்கப் போகிறாளா என்று கேட்டவர்களும் இருந்தனர். இந்தக் கேள்வியை இன்றும் சில வீடுகளில் வேறு வடிவத்தில் கேட்கிறோம்.

உடுவிலில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. இரண்டு சிறுமிகள் மிஷன் வீட்டின் பக்கம் வந்து எட்டிப் பார்ப்பார்கள். வின்ஸ்லோ அம்மையார் அவர்களுக்குத் தையல் பழக்கிக் கொடுத்தார். ஒருநாள் கடும் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் வீட்டுக்குப் போக முடியவில்லை. பசி பொறுக்காமல் அந்த வீட்டிலேயே உணவு உண்டார்கள், அங்கேயே உறங்கினார்கள். வேற்று மதத்தவர் வீட்டில் உண்டதால் ஆசாரம் கெட்டது என்பதே அன்றைய கணக்கு. அதன் பின்னர் பிள்ளைகளை அங்கேயே வைத்துப் படிப்பிக்கப் பெற்றோர் சம்மதித்தனர். 1824இல் தொடங்கிய விடுதிப் பாடசாலைக்கு இவ்வாறு ஒரு மழைதான் வழி திறந்தது என்பர். ஆசியாவிலே பெண்களுக்கென அமைந்த முதல் விடுதிப் பாடசாலை என்று உடுவில் பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறது.

பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு மிஷன் செலவு செய்தது. உணவு, உடை, புத்தகம் யாவும் இலவசம். அதற்கும் மேலாக, முழுப்படிப்பையும் முடித்து மணஞ்செய்யும் பெண்ணுக்குச் சிறிய தொகையொன்று சீதனமாகவும் கொடுக்கப்பட்டது. பெண்ணைப் படிப்பிக்கச் சீதனத்தையே தூண்டிலாகப் பயன்படுத்தியதை இன்று நாம் கேள்வி கேட்கலாம். ஆனால் சீதனம் இல்லாமற் கலியாணம் இல்லை என்ற ஊரில், படிப்பு முடியும்வரை மகளை விடுதியில் விட்டுவைக்கப் பெற்றோருக்கு வேறு எதைக் காட்டியிருக்க முடியும்? 1833இல் வின்ஸ்லோ அம்மையார் காலமானார். பின்னர் லீவை ஸ்போல்டிங் என்பவரும் அவரது மனைவியும் பொறுப்பேற்றனர். இவர்களோடு சேர்ந்து பணியாற்றவே அக்னியூ அம்மையார் வந்தார்.

வந்தவர் முதலிற் செய்த வேலை தமிழ் படித்தது. தொடர்ந்து வந்த 39 ஆண்டுகள் அவரது வாழ்க்கை ஒரே வளவுக்குள் கழிந்தது. வாசிப்பு, எழுத்து, எண்கணிதம், புவியியல், வேதபாடம், தையல் என்பன கற்பிக்கப்பட்டன. எட்டு வயதில் தனக்கு வாழ்க்கையைக் காட்டிய அதே உலகப்படத்தை, கடலின் மறுகரையில் நின்று அவர் இப்போது வேறு சிறுமிகளுக்குக் காட்டினார்.

1855இல் மிஷனின் தலைமையகத்திலிருந்து ரூபஸ் அன்டர்சன் குழுவினர் வந்தனர். கல்வியைத் தாய்மொழியிலேயே நடத்த வேண்டும், ஆங்கிலக் கல்வி மிஷனின் நோக்கத்துக்குத் தேவையில்லை என்பது அவர்களது கொள்கை. புகழ்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினறி அந்த ஆண்டிலேயே மூடப்பட்டது. உடுவிலிலும் ஆங்கிலப் படிப்பு மட்டுப்படுத்தப்பட்டது. ஆண்களின் உயர்கல்விக்கு அது பேரிழப்பு. ஆனால் உடுவில் மூடப்படவில்லை. தமிழ்மொழி மூலம் நடந்த அந்தக் கல்வியைப் பெற்ற பெண்களே பின்னர் கிராமப் பாடசாலைகளின் ஆசிரியைகளானார்கள். தமிழ்மூலம் படிப்பதைக் குறைவாக நினைக்கும் மாணவர்கள் இதனைக் கவனிக்கலாம்.

அம்மையாரின் உண்மையான சாதனை வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது. பாடசாலையை விட்டுப் போன மாணவியை அவர் விட்டுவிடவில்லை. விடுமுறை வந்தால் மற்றவர்கள் ஓய்வு எடுப்பார்கள். அவர் வண்டிலேறிக் கிராமம் கிராமமாகப் பழைய மாணவியரின் வீடுகளுக்குப் போவார். யாழ்ப்பாணத்து வீடு உங்களுக்குத் தெரியும். வேலியும் படலையும் தாண்டி அந்நியர் எளிதில் உள்ளே போய்விட முடியாது. அதுவும் அன்று மணமான பெண் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அப்படிப்பட்ட படலைகள் அவருக்குத் திறந்தன. படிப்பித்த ஆசிரியை வந்திருக்கிறார் என்றால் மாமியார்கூட மறுக்கமாட்டார் அல்லவா? நோயுற்றவளை விசாரிப்பது, குழந்தை பெற்றவளைப் பார்ப்பது, வாசிப்பை விட்டுவிட்டவளை மீண்டும் வாசிக்கத் தூண்டுவது எல்லாம் அந்தப் பயணங்களில் நடந்தன. ஒரு கிராமத்தில் இருக்கும் பழைய மாணவி அடுத்த கிராமத்தில் இருப்பவளைப் பற்றி அறிந்துகொண்டதும் அவர் மூலந்தான். பழைய மாணவிகள் சங்கம் என்ற பெயரில் ஒன்றும் அப்போது இருக்கவில்லை. ஆனால் சங்கம் செய்யும் வேலையை ஒரு பெண்ணும் ஒரு மாட்டுவண்டிலும் செய்தன.

இதன் பயன் மெதுவாகத்தான் தெரிந்தது. முதற் காலத்தில் பிள்ளைகளைத் தேடி மிஷன் வீடுவீடாக அலைந்தது. பிற்காலத்தில் இடம் கேட்டுப் பெற்றோர் வந்தனர். உடுவிலில் படித்த பெண் என்பது கலியாணப் பேச்சில் ஒரு தகுதியாக மாறியது. செமினறியிற் படித்த இளைஞர்கள் எழுத வாசிக்கத் தெரிந்த மனைவியை விரும்பினர். சீதனம் கொடுத்துப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டிய தேவையும் நாளடைவில் இல்லாமற் போனது. தாய் படித்த இடத்துக்கே மகள் வந்தாள், பின்னர் பேர்த்தியும் வந்தாள். ஒரே ஆசிரியை ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெண்களுக்குப் படிப்பித்தார். அவரிடம் படித்தவர்களின் தொகை ஆயிரத்தை மீறியது. அதனாலேயே ஆயிரம் பெண்களின் தாய் என்ற பெயர் அவருக்கு வழங்கலாயிற்று. அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை.

அவரிடம் படித்தவர்கள் என்ன ஆனார்கள்? சிலர் ஆசிரியைகள், சிலர் கிராமங்களில் பெண்களுக்கு வேதாகமம் வாசித்துக் காட்டும் ஊழியர்கள், சிலர் போதகர்களின் மனைவியர். பெரும்பாலோர் சாதாரண குடும்பப் பெண்கள். பட்டம் பெற்றவர் என்று ஒருவரையும் காட்ட முடியாது. அக்காலத்தில் இலங்கைப் பெண்ணுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் என்பதே எட்டாத ஒன்று. ஆயினும் வாசிக்கத் தெரிந்த தாய் இருக்கும் வீட்டில் பிள்ளைக்கு எழுத்து இயல்பாக வந்துவிடும். பிற்காலத்தில் யாழ்ப்பாணம் கல்விக்குப் பெயர்பெற்ற இடமானதற்குக் காரணம் எழுதும்போது பாடசாலைகளை மட்டும் எழுதுகிறோம். அந்தத் தாய்மாரையும் எழுதவேண்டும் என்பது என் கருத்து.

இனி, மாணவர்கள் தவிர்க்கக்கூடாத மறுபக்கம். அமெரிக்க மிஷனின் முதல் நோக்கம் கல்வி அன்று, மதமாற்றமே. அம்மையாரும் அந்த நோக்கத்தை மறைத்தவர் அல்லர். அவரிடம் படித்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் கிறிஸ்தவர்களாயினர் என்று மிஷன் பெருமையோடு கணக்குக் காட்டியது. அதே கணக்கு ஒரு சைவக் குடும்பத்துக்கு வேறு விதமாகத் தெரிந்திருக்கும். படிக்கப் போன மகள் வீட்டுச் சமயத்தை விட்டுத் திரும்பி வந்தால் தாய் தகப்பன் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது இந்தச் சூழலிலேதான். நாவலரின் முயற்சி ஆண்பிள்ளைகளையே பெரிதும் நோக்கியது. சைவப் பெண்பிள்ளைகளுக்கென உடுவிலுக்கு அயலிலே மருதனார்மடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கல்லூரி அமைத்தது 1913இலேதான்.

கத்தோலிக்கரின் கதை தனி. பிரான்சின் போர்தோ நகரில் 1820இல் தோன்றிய திருக்குடும்பக் கன்னியர் சபையினர் 1862இல் யாழ்ப்பாணம் வந்து பெண்பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத் தொடங்கினர். ஆகவே அம்மையாரின் பிற்காலத்தில் பெண்கல்வி ஒரு மிஷனின் தனி முயற்சியாக இருக்கவில்லை. சபைகளுக்கிடையிலும் சமயங்களுக்கிடையிலும் போட்டி இருந்தது. வாதங்களும் கண்டனப் பிரசுரங்களும் ஏராளம். அந்தப் போட்டியில் யார் வென்றார்கள் என்பதை விட, படிக்க இடம் கிடைத்த பெண்பிள்ளைகளின் தொகை கூடியது என்பதே நமக்கு முக்கியம்.

கால ஓட்டத்தில் அம்மையாரோடு பணிசெய்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்தனர். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, தமிழில் மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார். அதே ஆண்டில் ஸ்போல்டிங் காலமானார், மறு ஆண்டில் அவரது மனைவியும் காலமானார். இடையில் 1866, 1867ஆம் ஆண்டுகளில் குடாநாட்டைக் கொள்ளைநோயான வாந்திபேதி அலைக்கழித்தது. மற்ற மிஷனரிமார் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உடல்நலத்துக்காகவும் ஓய்வுக்காகவும் அமெரிக்கா போய் வந்தனர். அக்னியூ அம்மையார் ஒருமுறையேனும் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, வேலை அதிகம், போக நேரமில்லை என்ற பொருளிலேயே மறுமொழி சொன்னாராம். 1840இல் கரையிறங்கியவர் 1883இல் இறக்கும்வரை 43 ஆண்டுகள் யாழ்ப்பாணத்திலேயே இருந்தார்.

இது தியாகமா, பிடிவாதமா என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். நல்ல கேள்வி. இரண்டும் கலந்தே இருந்திருக்கும் என்று சொன்னேன். அங்கே அவரை எதிர்பார்த்திருந்தவர்கள் எவரும் உயிரோடு இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. எதிர்பார்த்திருந்தவர்கள் எல்லோரும் இங்கேதான் இருந்தார்கள்.

1879இல், எழுபத்திரண்டு வயதில், அவர் பாடசாலைப் பொறுப்பிலிருந்து விலகினார். (நாவலர் மறைந்ததும் அதே ஆண்டில்.) பின்னர் மானிப்பாயில் வசித்தார். 1880இல் வந்த லீச் சகோதரிகளான மேரியும் மாகரெட்டும் அவரைத் தங்களோடு வைத்துப் பராமரித்தனர். இணுவிலில் பெண்களுக்கான மருத்துவமனை ஒன்று எழுவதற்குப் பிற்காலத்தில் பணம் திரட்டியவர்கள் இவர்களே. அம்மையாரைப் பற்றி நாம் அறிவதிற் பெரும்பகுதி, இச்சகோதரிகள் தங்கள் இலங்கை வாழ்வைப் பற்றி 1890இல் வெளியிட்ட நூலிலிருந்து கிடைப்பது. தாங்கள் புதிதாகப் போகும் கிராமங்களிலெல்லாம் அக்னியூ அம்மையாரின் மாணவி ஒருத்தி ஏற்கெனவே இருந்ததைக் கண்டவர்கள் அவர்கள்.

1883 ஜூன் மாதத்தில் அம்மையார் பாரிசவாதத்தால் படுக்கையில் விழுந்தார். செய்தி கிராமங்களுக்குப் போயிற்று. பழைய மாணவியர் வரத் தொடங்கினர். இளம்பெண்களும் வந்தனர், தலை நரைத்த பாட்டிமாரும் வந்தனர். இத்தனை ஆண்டுகள் அவர் அவர்களின் வீடு தேடிப் போனவர். இப்போது அவர்கள் வீடு தேடி வந்தனர். ஜூன் 14ஆம் திகதி முடிவு நெருங்கியபோது அருகிலிருந்த போதகர், எதற்காகச் செபிக்கவேண்டும் என்று அவரிடம் கேட்டார். தனக்காக அவர் ஒன்றும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்களுக்காகச் செபிக்கும்படி கேட்டுக்கொண்டார். அவர் அதைச் சொன்ன நேரத்தில் அந்த வீட்டின் அறைகள் எல்லாவற்றிலும் யாழ்ப்பாணத்துப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். எல்லோரும் சிறுவயதில் அவரிடம் அரிச்சுவடி படித்தவர்கள்.